பச்சைப் பஞ்சுருட்டான் ஐப்பசியில் எங்கே போகிறது?

வயல்வரப்பு | அக்டோபர் 18

வணக்கம். கும்பகோணத்திற்குக் கிழக்கே ஒரு கிளை வாய்க்காலின் ஓரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. பம்புசெட்டுக்கு வரும் மின்கம்பியிலும் வேலிக் கருவை முள்ளிலும் ஆண்டின் பெரும்பகுதி பச்சைப் பஞ்சுருட்டான்கள் இரண்டிரண்டாக அமர்ந்திருக்கும். கம்பியை விட்டுச் சரிந்து பறந்து, காற்றிலேயே ஒரு பூச்சியைக் கவ்வி, வளைந்து திரும்பி, புறப்பட்ட இடத்திலேயே வந்து அமரும் அந்தப் பறத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தால் நடவு ஆட்களுக்குத் தேநீர் வாங்கி வர வேண்டும் என்பதே மறந்துபோகும். கோடையில் அவை வாய்க்கால் கரையில் வளை தோண்டிக் குஞ்சு பொரித்ததையும் பார்த்திருக்கிறேன்.

ஆவணி முடிந்ததிலிருந்து அவை குறைந்துகொண்டே வந்தன. சம்பா நடவு முடிந்து வயலெங்கும் தண்ணீர் நிற்கிற இந்த வேளையில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. ஆனால் புரட்டாசிக் கடைசியில், அதே சாயலில், ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிதான இருபது பறவைகள் வந்து உயரமான மின்கம்பியில் வரிசையாக உட்கார்ந்துவிட்டன. என் தகப்பனாரைக் கேட்டால், "சின்னதுதான் ஐப்பசியில் பெரிசாகிறது, இதிலே என்ன சந்தேகம்?" என்கிறார். அறுபது ஆண்டுகளாக இந்தக் கரையைப் பார்த்து வருகிறவரை எதிர்த்துப் பேசத் தயக்கமாக இருக்கிறது. சிறியவை எங்கே போயின, பெரியவை எங்கிருந்து வந்தன என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கூந்தற்பனை | அக்டோபர் 18

உங்கள் தகப்பனாரின் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது, முடிவுதான் பிசகிவிட்டது. நீங்கள் இப்போது காண்பவை நீலவால் பஞ்சுருட்டான்கள். பச்சைப் பஞ்சுருட்டான், வாலின் நடுவிலிருந்து நீளும் மெல்லிய இறகுகளைச் சேர்க்காமல் 16 முதல் 18 செ.மீ. வரை இருக்கும், நீலவாலுக்கு அதே அளவில் ஏறத்தாழ 24 செ.மீ. இருக்கும். சிறியதற்குத் தொண்டையின் குறுக்கே ஒரு கரும்பட்டை மாலை போலக் கிடக்கும், உச்சந்தலையும் பிடரியும் பொன்னும் செம்பும் கலந்தாற்போல் மின்னும். பெரியதற்கு மோவாயில் மஞ்சளும் தொண்டையில் செங்கல் நிறமும் இருக்கும். அது முதுகைக் காட்டிப் பறக்கும்போது இடுப்பும் வாலும் நல்ல நீலமாகத் தெரியும். வடமேற்கிலிருந்து அரிதாக வந்து சேரும் நீலக்கன்னப் பஞ்சுருட்டானுக்கு வால் பச்சையாக இருக்கும் என்பதால், ஐயம் எழும்போது முகத்தைப் பார்ப்பதைவிட வாலைப் பார்ப்பது நல்லது.

குரலையும் கவனியுங்கள். சிறியது மெல்லிய நடுக்கத்தோடு, மணியை விரலால் தடவியது போல ஒலிக்கும். பெரியது பறந்துகொண்டே உரக்கக் கத்தும். பல நாட்களில் அது தலைக்கு மேலே எங்கோ புள்ளியாகச் சுற்றிக்கொண்டிருப்பது குரலைக் கேட்ட பிறகுதான் நமக்குத் தெரியவரும். வேட்டையிலும் இரண்டும் வேறுபடுகின்றன. பச்சைப் பஞ்சுருட்டான் முழங்கால் உயரக் குச்சியில்கூட அமர்ந்து தரையை ஒட்டி இரை பிடிக்கும். நீலவால் உயரமான கம்பியையும் தென்னையின் நுனியையும் விரும்பும், வானில் வட்டமிட்டபடியே தட்டான்களைப் பிடிக்கும்.

நீலவால் நம் பகுதிக்குப் பெரும்பாலும் செப்டம்பரில் வந்து, மார்ச் அல்லது ஏப்ரலில் திரும்பிவிடும் வலசைப் பறவை. கங்கைச் சமவெளியிலும் அதற்கு வடக்கேயும் கிழக்கேயும் அது ஆற்றங்கரை மணற்சுவர்களில் கூட்டங்கூட்டமாகக் கூடு அமைக்கிறது. அவ்வளவு தூரம் போகாமல், நம் காவிரியின் மேற்பகுதியிலேயே, ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்த நகுவனஹள்ளியில் பெயர்பெற்ற ஒரு கூட்டம் கோடையில் கூடு கட்டுகிறது.

பச்சைப் பஞ்சுருட்டானை வலசைப் பறவை என்று யாரும் எழுத மாட்டார்கள். ஆயினும் அது வீட்டை விட்டு நகராத பறவையும் அன்று. மழை மிகும் இடத்தை விட்டு ஒதுங்கி, காய்ந்த இடம் தேடி அருகிலேயே பெயர்ந்துவிடும். உங்கள் ஊரிலிருந்து மேற்கே திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்து மேட்டு நிலங்களில் இந்த மாதங்களில் அதைத் தாராளமாகக் காணலாம். பறவைகளின் இத்தகைய குறும்பெயர்வை உள்ளூர் வலசை என்று சொல்லிவிட்டு நாம் கடந்துவிடுகிறோம். ஒரு பறவை நாற்பது கி.மீ. போவதற்கும் மற்றொன்று ஆயிரம் கி.மீ. போவதற்கும் காரணம் ஒன்றுதானா என்பதுதான் எனக்கு நெடுநாளாக உள்ள கேள்வி.

தேன்பெட்டி | அக்டோபர் 19

நான் மார்த்தாண்டத்துக்காரன், நாற்பது பெட்டிகளில் இந்தியத் தேனீ வளர்க்கிறேன். நீங்கள் எல்லோரும் அழகைப் பற்றிப் பேசுகிறீர்கள், நான் கணக்கைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். எங்களுக்கு அருகிலுள்ள மலையாளிகள் இதை வேலித்தத்தை என்பார்கள். வேலியில் உட்காரும் கிளி என்ற பெயர் கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ரப்பர் இலை உதிர்ந்து துளிர்விடுகிற தை, மாசிதான் எங்களுக்குத் தேன் அறுவடைக் காலம். அந்தத் துளிர் இலைக் காம்பில் சுரக்கும் இனிப்பைத்தான் தேனீ சேர்க்கிறது. அதற்கு முன்னால், ஐப்பசி, கார்த்திகையில் கூட்டங்களைப் பிரித்துப் புது ராணிகளை உண்டாக்க வேண்டும். புது ராணி கலவிப் பறப்புக்கு வெளியே போகும் அதே வாரங்களில்தான் இந்தப் பெரிய பஞ்சுருட்டான்களும் வந்து தோட்டத்துக்கு மேலே வட்டமிடுகின்றன. வேலைக்காரத் தேனீ நூறு போனால் எனக்கு வருத்தமில்லை. ராணி ஒன்று திரும்பாவிட்டால் அந்தப் பெட்டியே வீண்.

கூந்தற்பனை | அக்டோபர் 19

உங்கள் குறையை நான் மறுக்க மாட்டேன். மூடாக்கான நாட்களில் மற்றப் பூச்சிகள் வெளிவராதபோது பஞ்சுருட்டான்கள் தேன்பெட்டிகளின் பக்கமே சுற்றுவதை நானும் கண்டிருக்கிறேன். எனினும் இரண்டு செய்திகளைக் கூட்டிப் பார்க்க வேண்டும். முதலாவது, தேனீக்களை வேட்டையாடும் குளவிகளையும் இந்தப் பறவை இதே ஆர்வத்தோடு பிடித்துத் தின்கிறது. இரண்டாவது, நல்ல நிலையில் உள்ள கூட்டத்தில் ராணி நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முட்டைகள் இடுவதால், வேலைக்காரத் தேனீக்களின் இழப்பு விரைவில் ஈடாகிவிடும். தென்னிந்தியாவில் தேனீ வளர்ப்பையே 1990களின் தொடக்கத்தில் முடக்கிப்போட்டது, தேனீப் புழுக்களைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் வைரசு நோய் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கரிச்சானும் பஞ்சுருட்டானும் அதற்கு முன்பும் இருந்தன, பின்பும் இருக்கின்றன.

ராணி இழப்பு மட்டும் உண்மையான இழப்பு. பிரித்த சிறு கூட்டங்களைத் திறந்த வெளியிலும் மின்கம்பிக்குக் கீழும் வைக்காமல் மரநிழல் அடர்ந்த இடத்தில் வைத்தால், ராணி பெட்டியை விட்டுக் கிளம்பும் முதல் சில கணங்களாவது மறைவில் கழியும். அதற்கு மேல் நாம் செய்யக்கூடியது மிகக் குறைவு.

தேன்பெட்டி | அக்டோபர் 19

அம்மா, 1992-இல் எங்கள் வீட்டில் இருந்த பெட்டிகளை அடுப்பெரிக்கத்தான் பயன்படுத்தினோம். அதை மறக்க முடியுமா? ஆனால் நோய் பெரிது என்பதால் பறவை செய்வது சிறிதாகிவிடாது. நிழலில் வைத்துப் பார்க்கிறேன், பலனை வந்து எழுதுகிறேன்.

ஒரு சந்தேகம். கொடுக்குள்ள தேனீயை விழுங்கியும் இந்தப் பறவைக்கு ஏன் ஒன்றும் ஆவதில்லை?

தட்டான்பிடி | அக்டோபர் 20

இதற்கு நான் விடை சொல்கிறேன். நான் பறவைக்காரன் அல்லன், பூச்சிக்காரன். பஞ்சுருட்டான் தேனீயை அலகின் நுனியில் பிடித்துக்கொண்டு அமர்விடத்துக்குத் திரும்பும். முதலில் தேனீயின் தலையைக் கம்பியின் ஒரு பக்கத்தில் பலமுறை மோதும். பிறகு பிடியை மாற்றி, வயிற்றின் நுனியைக் கம்பியில் வைத்துத் தேய்க்கும். அவ்வாறு தேய்க்கும்போது நஞ்சு வெளியேறிவிடுகிறது, பல நேரங்களில் கொடுக்கும் பிய்ந்துபோகிறது. தட்டானையோ வண்ணத்துப்பூச்சியையோ பிடித்தால் மோதுவதோடு சரி, தேய்ப்பதில்லை. எது கொட்டும், எது கொட்டாது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. செரிக்காத ஓடுகளையும் இறகுத் துணுக்குகளையும் பிற்பாடு சிறு உருண்டையாகக் கக்கிவிடும். அமர்விடத்தின் அடியில் கிடக்கும் அந்த உருண்டைகளை நீரில் ஊறவைத்துப் பிரித்தால் அந்த வாரம் அது தின்ற பூச்சிகளின் பட்டியலையே எழுதிவிடலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் நீலத்தாடிப் பஞ்சுருட்டான் இன்னும் கெட்டிக்காரப் பறவை. அது மலைத்தேனீயின் அடையருகே பறந்து சென்று தேனீக்களைச் சினமூட்டுகிறது. காவலுக்கு விரட்டி வரும் தேனீக்களை வழியிலேயே பிடித்துக்கொள்கிறது. தேனீ தேடி வரட்டும் என்று காத்திருக்கும் பொறுமை அதற்கு இல்லை போலும்.

இனி, கூந்தற்பனை அம்மா எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். செப்டம்பர் கடைசியிலிருந்து வயல்களுக்கு மேலே மஞ்சள் நிறத் தட்டான்கள் ஆயிரக்கணக்கில் மிதப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் அறிவியல் பெயர் பண்டாலா ஃபிளாவெசென்ஸ். மழையில் புதிதாகத் தேங்கிய குட்டைகளில் முட்டையிட்டு, அந்தக் குட்டை வற்றுவதற்குள் வளர்ந்து, அடுத்து மழை பெய்யும் நாட்டுக்குக் காற்றோடு போய்விடுவது அவற்றின் வாழ்க்கை முறை. மாலத்தீவில் வாழ்ந்த கடல் உயிரியல் அறிஞர் சார்லஸ் ஆண்டர்சன், தரைமேல் நன்னீரே மிகக் குறைவான அந்தத் தீவுகளுக்கு ஒவ்வோர் ஆண்டும் அக்டோபரில் இந்தத் தட்டான்கள் எங்கிருந்து வருகின்றன என்று வியந்து, ஆண்டுக்கணக்காகத் தேதிகளைக் குறித்துவைத்தார். தென்னிந்தியாவில் முதலில் தோன்றி, பிறகு மாலேயிலும், அதன்பின் இன்னும் தெற்கே உள்ள தீவுகளிலும் அவை வரிசையாகத் தோன்றுவதைக் கண்டு, வடகிழக்குப் பருவமழையோடு தொடர்புடைய உயர்மட்டக் காற்றில் ஏறி அவை கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்று 2009-இல் எழுதினார். கன்னியாகுமரியிலிருந்து மாலேவுக்கே 600 கி.மீ.க்கு மேல் இருக்கிறது. அமூர் வல்லூறு போன்ற பூச்சியுண்ணும் பறவைகள் அதே காலத்தில் அதே கடலைக் கடப்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். வழியில் உண்பதற்கு உணவு அவற்றோடு கூடவே பறந்து வருகிறது.

"தட்டான் தாழப் பறந்தால் தப்பாமல் மழை வரும்" என்ற பழமொழியைச் சொன்னவர்கள் தட்டானையும் மழையையும் இணைத்தார்கள். அந்த இணைப்பின் மூன்றாவது முனையில் நீலவால் பஞ்சுருட்டான் உட்கார்ந்திருக்கிறது என்பது என் எண்ணம். வடக்கே மழை ஓய்ந்து, குளிர் தொடங்கி, பறக்கும் பூச்சிகள் குறையும்போது நம் பக்கம் மழை தொடங்குகிறது, பூச்சிகள் பெருகுகின்றன. பெரிய தட்டானை வானத்தில் பிடிக்கத் தெரிந்த பறவைக்கு ஐப்பசி வயல் விருந்துக்கூடம். தரையருகே ஈயும் சிறு வண்டும் ஈசலும் தேடுகிற சின்னப் பறவைக்கு அதே வயல் வெறும் தண்ணீர்ப் பரப்பு. ஒரே மழை ஒன்றை அழைக்கிறது, மற்றொன்றை விரட்டுகிறது.

வாவிக்கரை | அக்டோபர் 22

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். எங்களுக்கும் இது பெரும்போக விதைப்புக் காலம். நீலவால் பஞ்சுருட்டான்கள் செப்டம்பரிலேயே வந்து வாவியோரத்துக் கம்பிகளில் குந்தியிருக்கின்றன. இலங்கைக்கு அது குளிர்கால வருகைப் பறவை என்றே பெரும்பாலும் சொல்லப்பட்டாலும், எங்கள் கிழக்குக் கரையில் சில இடங்களில் அது மணலில் வளை தோண்டிக் குஞ்சு பொரிப்பதும் பதிவாகியிருக்கிறது. எனவே ஏப்ரலுக்குப் பின் இங்கே ஒன்றைக் கண்டால் அது வழிதவறி நின்றுவிட்டதென்று முடிவுகட்ட வேண்டாம்.

நிறமும் வலசையும் என்று பேசும்போது ஆறுமணிக் குருவியை விட்டுவிடலாகாது. பச்சை முதுகு, நீலத் தோள், சிவந்த அடிவயிறு, கண்ணின் குறுக்கே கறுப்புப் பட்டை என்று இத்தனை நிறத்தையும் ஒரு கைப்பிடிக்குள் அடக்கி வைத்திருக்கும் அந்தப் பறவை, இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் தென்மேற்குப் பருவமழையில் குஞ்சு பொரித்துவிட்டு, ஐப்பசியில் தெற்கே வந்து எங்கள் தீவு வரை இறங்குகிறது. காலையும் மாலையும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர் வந்தது. பஞ்சுருட்டானுக்கு நேர்மாறாக இது இரவில் பறக்கிறது, பகலில் சருகைக் கிளறிப் புழு பூச்சிகளைத் தின்கிறது. களைத்துப்போய் விடியற்காலையில் வீட்டுத் தாழ்வாரத்திலும் கிணற்றடியிலும் விழுந்து கிடப்பதை இந்த மாதத்தில் காணலாம். அவ்வாறு கண்டால் தண்ணீரை வாயில் ஊற்றிவிடாமல், பூனைக்கு எட்டாதபடி ஓர் அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்து, அந்தியில் திறந்துவிட்டால் பெரும்பாலும் எழுந்து போய்விடும். சிங்களவர் இதை அவிச்சியா என்கிறார்கள். மயில் தன் அழகிய ஆடையைத் திருடிக்கொண்டு போய்விட்டதென்று அது முறையிடுவதாக அவர்களிடம் ஒரு கதை வழங்குகிறது.

வயல்வரப்பு | அக்டோபர் 22

ஆறுமணிக் குருவியைத்தான் போன ஆண்டு எங்கள் மாட்டுக்கொட்டகையில் பிடித்து, கிளிக்குஞ்சு என்று நினைத்துப் பழம் கொடுத்தோம் என்பது இப்போது விளங்குகிறது. பழத்தைத் தொடவே இல்லை. மறுநாள் காலை அது பறந்துவிட்டது.

கருங்காட்டு வழிப்போக்கர் | அக்டோபர் 27

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில் வாழ்கிறேன். கைசர்ஸ்டூல் என்னும் குன்றுப்பகுதி எங்களுக்கு அருகில் உள்ளது. காற்றுக் கொண்டுவந்து குவித்த மஞ்சள் வண்டல் மண்ணை வெட்டித் திராட்சைத் தோட்டத்துக்குப் படிகள் அமைத்திருக்கிறார்கள். அந்த மண்சுவர்களில் ஐரோப்பியப் பஞ்சுருட்டான் மே மாதத்தில் வந்து வளை தோண்டுகிறது. முதன்முதலாக அதன் குரலைக் கேட்டபோது, ஊரில் வேலிக்கம்பியில் கேட்ட பறவை குளிர்நாட்டுக்கு எப்படி வந்தது என்று நின்றுவிட்டேன். ஆகஸ்டு முடிவதற்குள் எல்லாம் புறப்பட்டுவிடும். மூன்றரை, நான்கு மாதத்துக்கு மேல் அவற்றுக்கு இங்கே வேலை இல்லை.

அவை போகுமிடம் சகாராவுக்கு அப்பால். ஜெர்மனியின் கிழக்கே சாக்சனி-அன்ஹால்ட்டில் கூடுகட்டும் பறவைகளின் முதுகில் ஒளியையும் காற்றழுத்தத்தையும் பதியும் ஒரு கிராமுக்குச் சற்றே கூடுதலான கருவிகளைப் பொருத்தி, சுவிட்சர்லாந்தின் செம்பாக் பறவையியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் செய்த ஆய்வு 2018-இல் வெளிவந்தது. போக வர ஏறத்தாழ 14,000 கி.மீ. செல்லும் அந்தப் பயணத்தில், உறவல்லாத பறவைகள் சிறு குழுக்களாகச் சேர்ந்தே பறக்கின்றன என்பதும், வழியில் பிரிய நேர்ந்தாலும் சில மீண்டும் ஒன்றுசேர்கின்றன என்பதும் காற்றழுத்தப் பதிவுகளை ஒப்பிட்டதில் தெரியவந்தது. இரண்டு பறவைகள் ஒரே நேரத்தில் ஒரே உயரத்துக்கு ஏறி, ஒரே நேரத்தில் இறங்கியிருந்தால் அவை ஒன்றாக இருந்தன என்று கொள்வதுதான் முறை.

தட்டான்பிடி சொல்லும் காரணம் இங்கே இன்னும் பச்சையாகத் தெரிகிறது. செப்டம்பரில் காலைக் குளிர் பத்துப் பாகைக்குக் கீழே இறங்கியதும் தேனீ பெட்டிக்குள்ளேயே இருந்துவிடும். பறக்கும் பூச்சியைத் தவிர வேறொன்றும் உண்ணாத பறவைக்கு அதன்பின் இங்கே ஒரு வாரத்தைக்கூடத் தள்ள முடியாது. தானியம் தின்னும் குருவிகள் பனியிலும் இங்கேயே இருக்கின்றன.

கூந்தற்பனை | அக்டோபர் 28

இருவருக்கும் நன்றி. ஆனாலும் உணவு ஒன்றையே காரணமாக நிறுத்துவதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. பஞ்சுருட்டான் மரத்தில் கூடு கட்டுவதில்லை, மண்ணுக்குள் வளை தோண்டி முட்டையிடுகிறது. அது ஒன்றரை மீட்டர் வரை வளை தோண்ட மணலும் வண்டலும் கலந்த, அலகுக்கு இளகும், ஆனால் சரிந்துவிடாத மண் வேண்டும். முட்டையும் குஞ்சுகளும் உள்ளே இருக்கும் ஒன்றரை மாதமும் அந்த மண் நனையாமல் இருக்க வேண்டும். ஆகவே அது எப்போது எங்கே இருக்கிறது என்பதைப் பூச்சி பாதி தீர்மானித்தால், மண் மீதியைத் தீர்மானிக்கிறது. நீலவால் மார்ச்சில் இங்கிருந்து கிளம்பும்போது இங்கே பூச்சிக்குப் பஞ்சம் வந்துவிடுவதில்லை. ஆற்றில் நீர் வடிந்து கரைச்சுவர் வெளிப்படும் காலம் அது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

தட்டான்பிடி | அக்டோபர் 28

ஒப்புக்கொள்கிறேன். போவதற்கு மண் காரணம், வருவதற்குப் பூச்சி காரணம் என்று வைத்துக்கொள்ளலாம். என் தொழிலுக்குச் சாதகமாகவே எழுதிவிட்டேன்.

வயல்வரப்பு | மார்ச் 23

நெடுநாள் கழித்து எழுதுகிறேன். தை அறுவடைக்குப் பின் வயல் காய்ந்ததும் பச்சைப் பஞ்சுருட்டான்கள் திரும்பிவிட்டன. பிப்ரவரி 9-ஆம் தேதி முதல் இணையைக் கண்டேன். நீலவால்கள் அப்போதும் இருந்ததால் இரண்டையும் ஒரே கம்பியில் தகப்பனாருக்குக் காட்ட முடிந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப இது வேற ஜாதி" என்று மட்டும் சொன்னார். நீலவால்கள் கடந்த வாரம் மாலைகளில் அறுபது, எழுபதாகத் திரண்டு கத்திக்கொண்டிருந்தன, நேற்றிலிருந்து ஒன்றும் இல்லை.

இப்போது வேறொரு சிக்கல். வாய்க்கால் கரையில் மூன்று இணைகள் வளை தோண்டுகின்றன. ஆணும் பெண்ணும் முறைவைத்து அலகால் கொத்தி, கால்களால் மண்ணைப் பின்னுக்கு வாரி இறைப்பதை மாமரத்தடியில் இருந்து பார்க்கிறேன். செய்தி பரவி, நீண்ட லென்சுகளோடு நான்கைந்து பேர் விடுமுறை நாட்களில் வந்து வளைக்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்கிறார்கள். பறவை வாயில் பூச்சியோடு கம்பியில் அமர்ந்து அரைமணி நேரம் கத்துகிறது, உள்ளே போவதில்லை. "அது பழகிவிடும்" என்கிறார்கள். பழகுமா?

கூந்தற்பனை | மார்ச் 23

பழகாது என்றே சொல்வேன், ஏனென்றால் அது அவர்களைக் கண்டு மட்டும் அஞ்சவில்லை. அவர்களுக்கு வளை தெரிகிறதா என்பதையும் கணக்கிடுகிறது. மிலிந்த் வாட்வேயும் அவருடைய மாணவர்களும் பச்சைப் பஞ்சுருட்டான்களை வைத்தே இதைச் சோதித்து 1999-இலும் 2002-இலும் ஆய்வுரைகள் வெளியிட்டார்கள். வளையிலிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவில், வளை கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஓர் ஆள் நின்றபோது பறவைகள் உள்ளே நுழையத் தயங்கின. ஆள் அதே அளவு அருகில் இருந்தும் ஏதோ ஒன்று வளையை அவர் பார்வையிலிருந்து மறைத்தபோது தயக்கம் குறைந்து நுழைந்தன. எதிரே நிற்பவரின் இடத்திலிருந்து எது தெரியும் என்பதைப் பறவை எடைபோடுகிறது என்பதற்கு அது சான்றாகக் கொள்ளப்பட்டது. நீங்கள் மாமரத்தடியில் இருக்கும்போது அவை தோண்டுகின்றன என்றால், அங்கிருந்து உங்களுக்கு வளையின் வாய் தெரியவில்லை என்று நினைக்கிறேன். சரிதானா?

நாற்காலியைக் கரையின் மேற்புறத்துக்கு, வளைக்குப் பின்பக்கமாக மாற்றச் சொல்லுங்கள். படமும் அங்கிருந்துதான் நன்றாக வரும். இரையோடு கம்பியில் அமரும் பறவையைத்தானே எல்லோரும் எடுக்க விரும்புகிறார்கள்? குஞ்சுகள் பொரித்த பிறகு இது இன்னும் முக்கியம். இந்தப் பறவை முதல் முட்டை இட்டதுமே அடைகாக்கத் தொடங்குவதால் குஞ்சுகள் ஒருசேரப் பொரிப்பதில்லை. நான்கு குஞ்சுகளில் கடைசியது எப்போதும் சிறியதாகவே இருக்கும். அரைமணி நேரப் பசி முதலில் அதைத்தான் தாக்கும்.

வயல்வரப்பு | மார்ச் 24

உண்மைதான், மாமரத்தடியிலிருந்து பார்த்தால் ஒரு வேலிக் கருவை வளையை மறைக்கிறது. நான் அதை இடைஞ்சல் என்று நினைத்து அடுத்த வாரம் வெட்டுவதாக இருந்தேன்.

தேன்பெட்டி | ஏப்ரல் 2

சொன்னபடி எழுதுகிறேன். பிரித்த பன்னிரண்டு கூட்டங்களைப் பலா மரத்தடியில் வைத்தேன். பத்து ராணிகள் கலந்து திரும்பின. அதற்கு முந்தைய ஆண்டு திறந்த வெளியில் பன்னிரண்டுக்கு ஏழுதான் திரும்பின. மழை குறைந்ததாலும் இப்படி நடந்திருக்கலாம் என்பதால் பறவைக்கு முழு விடுதலை தர மாட்டேன். செந்தலைப் பஞ்சுருட்டான் இரண்டு, ரப்பர் தோட்டத்தின் மேல் எல்லையில் மண் வெட்டிய மேட்டில் வளை தோண்டியிருக்கின்றன. அவற்றுக்கு வாலில் நீட்சி இல்லை, தலையும் பிடரியும் நல்ல செம்பழுப்பு. அவை ஆண்டு முழுதும் எங்கள் பக்கத்திலேயே இருப்பவை என்பதால் அவற்றோடு தனியாகக் கணக்குத் தீர்க்க வேண்டும்.

வயல்வரப்பு | மே 11

அவசரமாகக் கேட்கிறேன். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-இல் திறக்கப்படும் என்பதால் வாய்க்கால்களைத் தூர்வாரும் பணி எங்கள் ஊரை எட்டிவிட்டது. பொக்லைன் இயந்திரம் இரு கரைகளையும் செதுக்கிக்கொண்டே வருகிறது, இன்னும் இரண்டு நாளில் இங்கே வந்துவிடும். வளைக்குள் குஞ்சுகளின் சத்தம் கேட்கிறது. தூர்வாராவிட்டால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது, அதை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை. குஞ்சுகள் வெளியேற எத்தனை நாளாகும்?

கூந்தற்பனை | மே 11

பொரித்ததிலிருந்து மூன்று முதல் நான்கு வாரம் ஆகும். தாய்தந்தை கொண்டு செல்லும் இரையின் அளவைப் பாருங்கள். சிறு ஈக்களாக இருந்தால் குஞ்சுகள் இளசு. முழுத் தட்டானை அப்படியே உள்ளே எடுத்துப் போனால் குஞ்சுகள் முதிர்ந்துவிட்டன. வளை வாயிலேயே வந்து இரையை வாங்கத் தொடங்கியிருந்தால் இன்னும் ஒரு வாரம்தான். கரை முழுவதையும் விடச் சொல்ல வேண்டியதில்லை. வளைகள் இருக்கும் இடத்தின் இருபுறமும் சில அடி மண்ணைக் கடைசியாகச் செதுக்கும்படி இயந்திரம் ஓட்டுபவரிடம் நேரில் கேளுங்கள்.

வாவிக்கரை | மே 12

தம்பி, கேட்கும்போது தேநீரோடு போய்க் கேளுங்கள். எங்கள் ஊரில் மணல் ஏற்றும் இடத்தில் நான் அப்படித்தான் ஒரு கரையைக் காப்பாற்றினேன்.

வயல்வரப்பு | ஜூன் 6

தேநீரோடுதான் போனேன். ஓட்டுநர் சேலம் பக்கத்துப் பையன், வளையைக் காட்டியதும், "இதுக்குள்ளயா இருக்கு?" என்று இறங்கி வந்து காதை வைத்துக் கேட்டார். பதினைந்து அடி நீளத்துக்குக் கரையை விட்டுவிட்டு அந்தப் பக்கம் போனார், ஜூன் முதல் வாரத்தில் திரும்பி வந்து அதை முடித்துத் தருவதாகச் சொன்னார், நேற்று வந்து முடித்தும் விட்டார்.

மூன்று வளைகளில் ஒன்றை மே 16 அன்று கீரி தோண்டிவிட்டது. மற்ற இரண்டிலிருந்து ஏழு குஞ்சுகள் மே 24-க்கும் 29-க்கும் இடையில் வெளியேறின. ஒரு வளைக்கு மூன்று பெரிய பறவைகள் மாறிமாறி இரை கொண்டு வந்ததை நான்கு நாள் தொடர்ந்து பார்த்தேன். மூன்றாவது பறவை யார்?

கூந்தற்பனை | ஜூன் 6

உதவியாளர். பஞ்சுருட்டான் குடும்பத்தில் இது உண்டு. கென்யாவில் வெண்ணெற்றிப் பஞ்சுருட்டான்களை ஸ்டீபன் எம்லென் பல ஆண்டுகள் ஆராய்ந்தபோது, தானே குஞ்சு பொரிக்காத பறவைகள் பெரும்பாலும் நெருங்கிய உறவினரின் குஞ்சுகளுக்கே இரை ஊட்டுவதைக் கண்டார். பச்சைப் பஞ்சுருட்டானிலும் இத்தகைய உதவியாளர்கள் பதிவாகியிருக்கிறார்கள். உங்கள் மூன்றாவது பறவை, கீரி தோண்டிய வளையைச் சேர்ந்ததாக இருக்கலாம், போன ஆண்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். அது முதன்முதலில் எந்தத் தேதியில் இரை கொண்டு வந்தது என்று குறித்திருக்கிறீர்களா?

வயல்வரப்பு | ஜூன் 7

மே 14. கீரி வருவதற்கு இரண்டு நாள் முன்பு.